பிசாசு ஓடினால் சந்தோஷப்படக் கூடாதா?

கேள்வி: ஐயா, லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் எழுபது பேர் ஊழியம் முடித்துத் திரும்பி, பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிந்ததாகச் சந்தோஷத்தோடு சொல்கிறார்கள். ஆண்டவரோ, "அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள்" என்கிறார். ஆசையாய் வந்தவர்களை ஏன் இப்படி முகத்திலடிக்கிறார்? என் கத்தோலிக்கத் தோழி 72 பேர் என்கிறாள். எது சரி?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முகத்திலடிக்கவில்லை அம்மா. சாத்தான் மின்னலைப்போல விழுந்ததைக் கண்டேன், பாம்புகளையும் தேள்களையும் மிதிக்க அதிகாரம் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வார்த்தைக்கு வருகிறார். அடுத்த வசனத்தில் அவரே ஆவியில் களிகூருகிறார்.

9-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். பன்னிரண்டு சீஷர்களுக்குச் சகல பிசாசுகள் மேலும் அதிகாரம் கிடைக்கிறது. பிறகு ஒரு தகப்பன் பிசாசு பிடித்த தன் ஒரே மகனைக் கொண்டுவந்தபோது சீஷர்கள் கையைப் பிசைந்தபடி நிற்கிறார்கள். அடுத்து, தங்களில் யார் பெரியவன் என்று வாக்குவாதம். அதற்கடுத்து யோவான் வந்து, உம்முடைய பெயரால் பிசாசு துரத்திய ஒருவனைத் தடுத்தோம், அவன் நம்மோடு சேர்ந்தவனல்ல என்கிறார். தங்களால் ஆகாததை இன்னொருவன் செய்தால் அதையும் பொறுக்கவில்லை! இத்தனையும் பார்த்துவிட்டுத்தான் ஆண்டவர் எழுபது பேரை அனுப்புகிறார். பணப்பை இல்லை, பாதரட்சை இல்லை. நோயாளிகளைக் குணமாக்குங்கள், தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று என்று சொல்லுங்கள் என்பதுதான் கட்டளை. பிசாசைத் துரத்தும் பேச்சே அதில் இல்லை. கேட்காமல் கிடைத்தது தலைக்கேற எவ்வளவு நேரமாகும்?

எபேசு பட்டணத்தில் ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் ஏழு பிள்ளைகளும் பிசாசு பிடித்த ஒருவன்மேல் இயேசுவின் பெயரை மந்திரம்போலச் சொல்லிப் பார்த்தார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" என்றது ஆவி. அடிபட்டு, துணியில்லாமல் ஓடினார்கள். ஓய்வுநாள் பள்ளியில் இந்த இடம் வந்தாலே பையன்களுக்குச் சிரிப்பு அடங்காது.

ஆண்டவர் சொன்ன சந்தோஷத்தை நான் அப்போஸ்தலர் 5-இல் பார்க்கிறேன். யூதர்களின் ஆலோசனைச் சங்கம் அப்போஸ்தலர்களை அடித்து அனுப்புகிறது. அவர்கள் சந்தோஷமாய் வெளியே வருகிறார்கள். அன்று எந்தப் பிசாசும் ஓடியதாக எழுதப்படவில்லை.

எழுபது பேரில் ஒருவர் பெயரைக்கூட லூக்கா எழுதவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் செசரியா பேராயர் யூசேபியஸும் அப்படியொரு பட்டியல் எங்கும் இல்லை என்றே எழுதினார். பின்னால் வந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை, பட்டியல் தயாரித்துவிட்டார்கள்.

தோழியும் சரி, நீங்களும் சரி. பழைய கிரேக்கப் பிரதிகளிலேயே சீனாய்ப் பிரதி 70 என்கிறது, வத்திக்கான் பிரதி 72 என்கிறது. உங்கள் வேதாகமம் ஒன்றையும் அவருடைய திருவிவிலியம் மற்றதையும் எடுத்துக்கொண்டன.