ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட் தொடரின் ரசிகர்கள் இன்றும் ஏன் மனத்தாங்கலோடு இருக்கிறார்கள்?

மார்வெல் திரைப்படங்களில் வரும் ஷீல்ட் என்ற உளவு அமைப்பின் முகவர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் இது. 2013 செப்டம்பரில் தொடங்கி 2020 ஆகஸ்ட்டில் முடியும்வரை, ஏழு சீசன்களின் 136 எபிசோடுகளையும் விடாமல் பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். தொடர் மோசமாக இருந்தது என்பது எங்கள் குறையன்று. மார்வெல் திரைப்படங்களில் நடந்த ஒவ்வொன்றுக்கும் தொடர் தன்னை மாற்றிக்கொண்டது. தொடரில் நடந்த எதையும் திரைப்படங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எங்கள் மனத்தாங்கல் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்ததுதான்.

2012இல் வெளியான தி அவெஞ்சர்ஸ் படத்தில் ஷீல்ட் முகவர் ஃபில் கோல்சன், வில்லன் லோகியின் கையால் கொல்லப்படுகிறார். அவர் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த கேப்டன் அமெரிக்கா படம் போட்ட பழைய அட்டைகளை, ரத்தக்கறையோடு ஷீல்டின் தலைவர் நிக் ஃபியூரி மேசைமேல் எறிகிறார். அந்த அட்டைகளில் உங்கள் கையெழுத்தை அவர் கடைசிவரை வாங்கவே இல்லை என்று கேப்டன் அமெரிக்காவிடம் சொல்கிறார். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து கிடந்த நாயகர்கள் ஓரணியாகத் திரண்டது அந்த மரணத்தால்தான். தொடரோ, அதே கோல்சன் உயிரோடு திரும்பிவருவதில் தொடங்குகிறது. தாம் எப்படிப் பிழைத்தோம் என்பதை அவர் துருவித் துருவித் தேடுவதும், வேற்றுலக உயிரியின் உடலிலிருந்து எடுத்த மருந்தே தம்மை எழுப்பியது என்று அறிந்து நொறுங்குவதும்தான் முதல் சீசனின் உயிர்நாடி. ஆஸ்கார்டிலிருந்து வரும் வீராங்கனை சிஃப் அவரைப் பார்த்து வியக்கும்போது, அவெஞ்சர்களில் ஒருவரான தோருக்கு இந்தச் செய்தியைத் தாமே சொல்ல விரும்புவதாகக் கோல்சன் கேட்டுக்கொள்கிறார். அந்த வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை. ஒரு படத்தில்கூட அவெஞ்சர்கள் எவரும் அவர் உயிரோடிருப்பதை அறிவதில்லை.

எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை என்ற முழக்கத்தோடுதான் இத்தொடரை விளம்பரப்படுத்தினார்கள். நாங்களும் அதை அப்படியே நம்பினோம். தோர்: தி டார்க் வேர்ல்ட் வெளியான சில நாள்களில் வந்த எட்டாவது எபிசோடு, லண்டன் கிரீனிச்சில் சண்டை முடிந்த இடத்தில் ஷீல்ட் அணியினர் இடிபாடுகளைப் பொறுக்கித் துப்புரவு செய்வதோடு தொடங்குகிறது. அன்று அதைக் கண்டு மகிழ்ந்தேன். இன்று திரும்பப் பார்த்தால், படம் சிதறியதைத் தொடர் அள்ளிச் சேர்க்கும் அந்தக் காட்சியே பின்னால் வந்த ஏழாண்டுகளையும் முன்கூட்டியே காட்டிவிட்டதாகத் தோன்றுகிறது.

முதல் சீசனின் முற்பாதி மந்தமாக நகர்ந்ததற்கும் இதுவே காரணம். ஷீல்டுக்குள் ஹைட்ரா என்ற எதிரி அமைப்பு ஊடுருவியிருப்பது 2014 ஏப்ரல் 4 அன்று வெளியான கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜரில்தான் வெளிப்பட வேண்டும் என்பதால், தொடர் 16 எபிசோடுகள் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. ஏப்ரல் 8 அன்று 17ஆவது எபிசோடு வந்தது. கோல்சன் அணியில் இருந்த, எங்கள் அன்புக்குரிய கிராண்ட் வார்டு துரோகி என்று தெரிந்தபோது தம்பியும் நானும் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். அப்படிப்பட்ட எபிசோடு வருவதற்குள் சலித்துப்போய்ப் பாதியில் விட்டுவிட்ட நண்பர்கள் பலர் உண்டு. முதல் எபிசோடை அமெரிக்காவில் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தக் கூட்டம் பிறகு திரும்பவே இல்லை.

2015இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் அல்ட்ரானில், சோகோவியா மக்களைக் காப்பாற்ற நிக் ஃபியூரி பழைய பறக்கும் கப்பலோடு வந்து இறங்குகிறார். அந்தக் கப்பலை மாதக்கணக்கில் மறைவாகச் சீரமைத்து வைத்தவர் கோல்சன் என்று தொடர் விளக்கியது. படத்தில் அவர் பெயர் ஒலிக்கவில்லை.

2018ஆம் ஆண்டு நடந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது. ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடுகள் இன்ஃபினிட்டி வார் படம் நடக்கும் அதே நேரத்தில் நடக்கின்றன. அந்தப் படத்தின் வில்லன் தானோஸ் வருகிறான் என்ற அச்சமே ராணுவத் தளபதி டால்பட்டை வெறிகொள்ளச் செய்கிறது. அப்படி அந்தப் போரையே கதைக்குள் கொண்டுவந்த தொடர், ஓராண்டு கழித்து நடக்கும் ஆறாம் சீசனில், அந்தப் படத்தின் முடிவில் உலகின் பாதி உயிர்கள் மறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன் அடுத்த பாகமான எண்ட்கேம் திரைக்கு வருமுன்பே எழுதி முடிக்கப்பட்ட சீசன் அது என்பதை உணர்கிறேன். எழுத்தாளர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. திரைப்படங்களைக் கெவின் ஃபைகியின் மார்வெல் ஸ்டூடியோஸும், தொடர்களை ஜெஃப் லோப் தலைமையிலான மார்வெல் டெலிவிஷனும் தனித்தனியாகக் கவனித்தன. 2015இல் ஸ்டூடியோ டிஸ்னியின் நேரடிப் பொறுப்புக்குப் போனபின் அந்த இடைவெளி இன்னும் அகன்றது. சேர்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டியதை, ஒரு தரப்பு மட்டும் ஊகித்து எழுத வேண்டியிருந்தது.

கோல்சனைப் படத்தில் கொண்டுவந்தால், தொலைக்காட்சித் தொடரைப் பார்க்காதவர்களுக்குப் படம் புரியாமல் போய்விடும் என்று சிலர் வாதிடுவதுண்டு. ஏஜென்ட் கார்ட்டர் என்ற இன்னொரு மார்வெல் தொடரின் ஜார்விஸ் எண்ட்கேமில் சில நொடிகள் வந்துபோகிறார். அதனால் யாரும் குழம்பவில்லை. கோல்சனுக்கும் அந்தச் சில நொடிகள் போதுமாயிருந்திருக்கும்.

வேறு குறைகளும் உண்டு. அணியில் இருந்த பாபியையும் ஹண்டரையும் தனித் தொடருக்காக மூன்றாம் சீசனிலேயே அனுப்பிவைத்தார்கள். அந்தத் தொடரோ ஒளிபரப்புக்கு வரவேயில்லை. ஐந்தாம் சீசனைப் பார்ப்பவர்கள் குறைவான வெள்ளிக்கிழமை இரவுக்குத் தள்ளினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் நான்காம் சீசனை யாராவது குறைத்துப் பேசினால் என்னால் பொறுக்க முடியாது. திரைப்படங்களை எதிர்பார்க்காமல் தன் கதையைத் தானே சொல்லத் துணிந்த சீசன் அது. தங்கள் இருவரில் ஒருவர் மனிதரல்லர், மனித உருவிலான இயந்திரம் என்று தெரிந்தபின், ஆய்வகத்தில் அணியின் விஞ்ஞானிகளான ஃபிட்ஸும் சிம்மன்ஸும் ஒருவரையொருவர் அழுதுகொண்டே சோதிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நான்கு சீசன்களாக அவர்களுடைய அன்பை நாம் பார்த்திருப்பதால்தான் அந்தக் காட்சி நெஞ்சை அறுக்கிறது. மார்வெலின் எந்தப் படமும் எனக்கு அப்படியொரு நடுக்கத்தைத் தந்ததில்லை. அந்தச் சீசனின் மையமாயிருந்த டார்க்ஹோல்டு என்ற மந்திர நூல், 2021இல் மார்வெல் ஸ்டூடியோஸின் வாண்டாவிஷன் தொடரில் வேறு தோற்றத்தில், முன்பின் தெரியாத பொருளைப்போல வந்து நின்றபோது எங்களுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பதைப் புதிதாக வந்த ரசிகர்கள் இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

கோல்சன் தம் நாயகர்களை மறுபடி சந்திக்கும் ஒரேயொரு காட்சிக்காக ஏழாண்டுகள் காத்திருந்தேன். எண்ட்கேமின் முடிவில் கேப்டன் அமெரிக்கா முதியவராகிக் கேடயத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார். அந்த அட்டைகளில் இன்னும் கையெழுத்து இல்லை.