பழைய செய்தித்தாள் தலைப்பு ஒன்று அப்படியே பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கேள்வி: பழைய செய்தித்தாளில் படித்த ஏதாவது ஒரு தலைப்பு நிஜமாகவே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேடிக்கையாகக் கற்பனை செய்ததுண்டா?

உண்டு. இருபது வருடமாக ஒரே தலைப்பைத்தான் திரும்பத் திரும்பக் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன்.

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த தாள் அது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கப் பெட்டியைக் காலி செய்தோம். பாச்சை உருண்டை வாசம் ஏறிப்போய், பழுப்பேறி, மடிப்பில் தொட்டால் உதிர்கிற பதத்தில் இருந்தது. தேதி இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. ஸ்கைலாப் எங்கே விழும் என்று கேட்கிற தலைப்பு மட்டும் கொட்டை எழுத்தில் முழுசாக இருந்தது. 1979 ஜூலை மாதத்துப் பேப்பர் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இப்போதைய பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக: ஸ்கைலாப் என்பது அமெரிக்கா 1973 மே மாதம் விண்ணுக்கு அனுப்பிய ஆய்வுக்கூடம். எடை சுமார் 77 டன். மூன்று குழுவாக ஒன்பது பேர் அதில் தங்கி வேலை பார்த்தார்கள். 1974 பிப்ரவரியில் கடைசிக் குழுவும் இறங்கிய பிறகு அது ஆளில்லாத வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சூரியனின் கொதிப்பு எதிர்பார்த்ததைவிட அதிகமானதில் காற்று மண்டலம் மேலே உப்பி, அதன் உரசலில் கூடம் கீழே இறங்கத் தொடங்கியது. வடக்கே 50 பாகைக்கும் தெற்கே 50 பாகைக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்ற நிலை. அந்தப் பட்டைக்குள் இந்தியா முழுசாக வருகிறது, எங்கள் ஊர்க் கண்மாயும் வருகிறது. பூமியில் யாராவது ஒருவர் மேல் துண்டு விழுவதற்கு 152-இல் ஒரு வாய்ப்பு என்று நாசா கணக்குச் சொன்னது. அது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கான கணக்கு இல்லை, உலகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து. அந்த வித்தியாசத்தை எங்கள் ஊரில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

அதனால் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. "சாகத்தானே போறோம், இருக்கிறதை அடிச்சுத் தின்னுட்டுச் சாவோம்." கிடாய் வைத்திருந்தவர்கள் கிடாய் வெட்டினார்கள். விதைக்கு வைத்திருந்த நிலக்கடலையை வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் எட்டுக் கோழி. ஒரு வாரத்தில் ஏழு கோழி குழம்பாகிவிட்டது. எட்டாவது அடைகாத்துக்கொண்டிருந்தது. "உலகம் அழிஞ்சாலும் அடையில இருக்கிற கோழி மேல கத்தி வைக்கக் கூடாது" என்று அப்பத்தா கூடையை இழுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாளாம்.

இனி என் கற்பனை. ஜூலை 11, புதன்கிழமை ராத்திரி. ஊரே திண்ணையில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்து மணி வாக்கில் கண்மாய்க்குள் பெரிய சத்தம். ஆனி மாதம், தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் அயிரையும் கெண்டையும் கரையில் கிடக்கின்றன, நடுவில் ஒரு இரும்புக் கூண்டு ஆவி கிளப்பிக்கொண்டு நிற்கிறது. முதலில் மீனைத்தான் அள்ளியிருப்பார்கள்.

அடுத்து ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணம் வருவார். அப்போது வி.ஏ.ஓ. என்கிற பதவியே கிடையாது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் முறையை எம்.ஜி.ஆர். அரசு எடுத்தது 1980-இல்தான். கர்ணம் கணக்கு நோட்டை விரித்து, கண்மாய் சர்க்கார் புறம்போக்கு, அதில் விழுந்தது எந்தத் தலைப்பில் சேரும் என்று யோசிப்பார். மரம் என்று எழுத முடியாது, கட்டடம் என்றும் எழுத முடியாது. ஆக்கிரமிப்பு என்று எழுதி, ஆக்கிரமித்தவர் பெயர் அமெரிக்கா என்று போட்டு, தாசில்தாருக்கு அனுப்பிவிடுவார். அவரைப் பற்றி அப்பத்தா சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால், இதைக் கட்டாயம் செய்திருப்பார்.

தாசில்தார் வந்து சேர்வதற்குள் கூண்டு பாதி காலியாகியிருக்கும். ஸ்கைலாபுக்குள் புகைப்படச் சுருள்களைக் கதிர்வீச்சிலிருந்து காக்கக் காரீயம் பதித்த ஒரு பெட்டகம் இருந்தது. எடை கிட்டத்தட்ட 1.8 டன். கீழே வரும்போது எரியாமல் தப்பும் என்று எதிர்பார்த்த துண்டுகளில் அதுவும் ஒன்று. அத்தனை காரீயம்! ஈயம் பூச வருகிறவர் ஆசையோடு ஓடி வந்து, சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது காரீயம், பாத்திரத்துக்கு ஆகாது" என்று உட்கார்ந்துவிடுவார். வீச்சுவலைக்காரர்கள் விடுவார்களா? வலை ஓரத்துக் குண்டு காரீயத்தில்தானே வார்க்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் இருக்கிற வலைகளுக்கெல்லாம் மூன்று தலைமுறைக்குக் காணும். ஆக்சிஜன் தொட்டி ஒன்று பெரிய பண்ணை வீட்டில் நெல் குதிராகியிருக்கும். மிச்சத் தகட்டைக் கேட்டு அப்பத்தா போயிருப்பாள். மாட்டுக் கொட்டகையில் ரெண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்த இடம் ஒன்று உண்டு.

அப்புறம் ஜீப்பில் அமெரிக்க அதிகாரிகள் வருவார்கள். 1967 விண்வெளி உடன்படிக்கைப்படி எங்கே விழுந்தாலும் பொருள் அனுப்பிய நாட்டுக்கே சொந்தம். மொழிபெயர்ப்பாளர் இதைச் சொன்னதும் ஊர் அமைதியாகிவிடும். அப்போது சின்னத் தாத்தா எழுந்திருப்பார். அவர் பேப்பரை விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிறவர். "சரிங்க, எடுத்துக்குங்க. ஆனா 1972-ல இன்னொரு ஒப்பந்தம் போட்டீங்களே, தரையில சேதமானா அனுப்பின நாடுதான் நஷ்டஈடு தரணும்னு?" அந்த ஒப்பந்தமும் நிஜம்தான். பிறகு மந்தையில் வரிசை கட்டி மனு எழுதுவார்கள். கிடாய் நாலு, நிலக்கடலை ரெண்டு மூட்டை, கோழி ஏழு. கோழி எப்படிச் சேதமாச்சு என்று கேட்டால், "பயத்துல" என்பாள் அப்பத்தா. அதில் ஒரு சொல் பொய் கிடையாது.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். நிஜத்தில் நடந்ததைக் கேளுங்கள். அன்று ராத்திரி நம் நேரப்படி பத்து மணிக்குப் பிறகு ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. துண்டுகள் விழுந்த எஸ்பெரன்ஸ் ஊராட்சி, குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு கொடுத்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவன், 17 வயது, வீட்டில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு விமானம் ஏறி, சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று அறிவித்திருந்த 10,000 டாலர் பரிசை வாங்கினான். அதே ஜூலையில் பெர்த் நகரில் பிரபஞ்ச அழகிப் போட்டி நடந்தது. ஒரு துண்டைக் கொண்டுபோய் அந்த மேடையிலும் வைத்தார்கள். அபராதம் 2009-இல் கட்டப்பட்டது, அதுவும் அமெரிக்க வானொலி நேயர்களிடம் வசூல் செய்து. எங்கள் கர்ணமாக இருந்தால் வட்டியோடு வாங்கியிருப்பார்.

இந்தியாவில் அந்த வாரம் விழுந்தது மொரார்ஜி தேசாயின் ஆட்சி. ஜூலை 15 அன்று ராஜினாமா செய்தார். ஊரில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லையாம். ஆட்டுக் கொட்டில் காலி, கடலைக்கு மறுபடி விதை வாங்க வேண்டும், எல்லாருக்கும் தலைக்கு மேல் வேலை.

கட்டிலுக்கடியில் இருந்த கோழி பதினோரு முட்டையில் ஒன்பதைப் பொரித்தது. ரெண்டு கூமுட்டை. ஒன்பதில் ஒரு சேவலுக்கு ஸ்கைலாப் என்றே பேர் வைத்துவிட்டார்கள். பகலெல்லாம் கூரை மேலேயே நிற்குமாம், எப்போது யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாதாம்.