டர்ன்அரவுண்ட்: மூன்று இடத்திலும் ஒரே பொருளா?

"ஏர்போர்ட்டிலும் சொல்கிறார்கள், எண்ணெய் ரிஃபைனரியிலும் சொல்கிறார்கள், கம்பெனிச் செய்திகளிலும் வருகிறது. டர்ன்அரவுண்ட் என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் அண்ணன் தம்பி. மூன்றாவது, பெயரளவில்தான் சொந்தம்.

வண்டி விஷயம் சுலபம். மதுரை போய்ச் சேர்ந்த பஸ் ஆளை இறக்கி, ஆளை ஏற்றித் திரும்பக் கிளம்பும்வரை ஸ்டாண்டில் நிற்கிறதே, அந்த நேரம்தான். விமானத்துக்கு எரிபொருள், பெட்டிகள், துப்புரவு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 1972இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் பணமுடையில் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டு, மீதி மூன்றிலேயே பழைய அட்டவணையை ஓட்டியது. தரையில் நிற்பதைப் பத்து நிமிடமாகச் சுருக்கித்தான் அதைச் சாதித்தார்கள்.

என் பிழைப்பு இரண்டாவதில். ரிஃபைனரியில் ஒரு யூனிட் நான்கைந்து வருடம் இரவு பகலாக ஓடும். அப்புறம் நிறுத்தி, திறந்து, பழுது பார்த்து மறுபடி ஓடவிட வேண்டும். ஏட்டில் அது டர்ன்அரவுண்ட், எங்கள் வாயில் 'ஷட்டவுன்'. வேலை சில வாரங்கள்தான்; திட்டம் போட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நின்ற ஒவ்வொரு நாளும் உற்பத்தி போச்சு என்பதால் அவ்வளவு அவசரம்.

வெசல் என்ற பெரிய மூடிய கலனுக்குள் ஆள் இறங்குமுன், உள்ளே எண்ணெயோ வாயுவோ வந்துவிடாதபடி, அதற்கு வரும் குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்சு என்ற வளையங்களுக்கு நடுவே பிளைண்ட் என்ற இரும்புத் தட்டைச் செருகி அடைப்போம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. போட்டது எத்தனையோ, கழற்றியதும் அத்தனை இருக்க வேண்டும். ஒருமுறை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. டார்ச்சோடு பைப் ரேக் முழுக்கத் தேடினோம். கடைசியில் பார்த்தால், அதைப் போடவே இல்லை. பட்டியலில் டிக் மட்டும் அடித்திருந்தார்கள். அந்த வெசலுக்குள் நான் மூன்று நாள் வேலை பார்த்திருந்தேன்.

கம்பெனி விஷயத்தில் நிற்பது என்ற பேச்சே இல்லை. நஷ்டத்தில் போன தொழில் லாபத்துக்குத் திரும்புவதுதான் அங்கே டர்ன்அரவுண்ட். நிஸ்ஸானைப் பாருங்கள். 1999 நிதியாண்டில் ஏறத்தாழ 68,000 கோடி யென் நஷ்டம், அடுத்த ஆண்டே 33,000 கோடி யென் லாபம். ஐந்து ஆலைகளை மூடுவது, 21,000 வேலைகளைக் குறைப்பது என்று திட்டம் போட்டவர் கார்லோஸ் கோன். இருபது வருடம் கழித்து அதே ஆள் வழக்குக்குப் பயந்து ஜப்பானை விட்டுத் தப்பி ஓடினார் என்பது தனிக் கதை.