கிளாஸ் வாடகை என்ற கணக்கு செல்லாது

கேள்வி: லண்டனில் 12 வருஷமாக ஆஃப் லைசென்ஸ் கடை (வெளியே கொண்டுபோய்க் குடிக்க மட்டும் மது விற்கும் கடை) நடத்துகிறேன். ஸ்டோர் ரூமாகக் கிடக்கும் பின்பக்கத்தில் நாலு மேசை போட்டு, வைன் வாங்குபவர்கள் அங்கேயே இருந்து குடிக்க விடலாம் என்று யோசனை. போத்தலை ஷெல்ஃப் விலைக்கே விற்று, கிளாஸுக்கு மட்டும் 5 பவுண்ட் வாடகை வாங்கினால் புதிதாக அனுமதி எதுவும் வேண்டாம் என்கிறார் மச்சான். சரிதானா?

பதில்: இல்லை. மேசை வாங்குமுன் கேட்டீர்களே, நல்லதாகப் போயிற்று.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம். காசை என்ன பெயர் சொல்லி வாங்கினீர்கள் என்று அது கேட்பதில்லை; எங்கே குடிப்பதற்காக விற்றீர்கள் என்றுதான் கேட்கிறது. உங்கள் மேசையில் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே கொடுக்கும் போத்தல், கடைக்குள் குடிக்க விற்ற போத்தல்தான். உங்கள் லைசென்ஸில் ‘ஆஃப்’ மட்டும் இருந்தால் அது அனுமதியில்லாத விற்பனை. 6 மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும் விழலாம். லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி போலீஸ் கவுன்சிலைக் கேட்டால் (ரிவியூ) 12 வருஷக் கடையின் லைசென்ஸே ஆட்டம் காணும். மச்சானா வந்து கட்டப்போகிறார்?

கொரோனா காலத்துச் சலுகையை நினைத்து இப்படிச் சொல்பவர்கள் உண்டு. உள்ளே பரிமாற அனுமதி இருந்தவர்கள் வெளியே எடுத்துப்போகவும் விற்கலாம் என்பதே அந்தச் சலுகை. வெளியே கொண்டுபோக மட்டும் விற்பவர்கள் உள்ளே பரிமாறலாம் என்று அது ஒருநாளும் சொல்லவில்லை; அதுவும் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது.

நீங்கள் போட வேண்டியது முழு வேரியேஷன் விண்ணப்பம், அதாவது இருக்கிற லைசென்ஸை மாற்றித் தரும்படி கவுன்சிலைக் கேட்பது. 89 பவுண்டில் முடியும் மைனர் வேரியேஷனை (சின்ன மாற்றத்துக்கான விண்ணப்பத்தை) பார்த்து ஆசைப்படாதீர்கள், இது அதற்குள் அடங்காது. முழு விண்ணப்பத்தின் கட்டணம் கடையின் ரேட்டபிள் வேல்யூவை (வணிக வரிக்காகக் கடைக்குப் போட்ட மதிப்பை) பொறுத்தது: 4,301 முதல் 33,000 வரை என்றால் 190 பவுண்ட், 33,001 முதல் 87,000 வரை என்றால் 315. ஆன்லைனில் போட்டால் போலீஸ், தீயணைப்பு முதலிய துறைகளுக்குக் கவுன்சிலே நகல் அனுப்பும். தாளில் போட்டால் ஒவ்வொரு துறைக்கும் நீங்களே அனுப்ப வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன் லைசென்ஸோடு இருக்கும் பிளானை எடுத்து விரியுங்கள். லைசென்ஸ் எதுவரை செல்லும் என்று அதில் ஒரு கோடு போட்டிருக்கும். ஸ்டோர் ரூம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால், கடைக்குள் குடிக்க விற்கும் ‘ஆன்’ அனுமதி கிடைத்தும் அங்கே ஒரு கிளாஸ்கூட ஊற்ற முடியாது. புதுப் பிளானில் மேசைப் பகுதி, வெளியேறும் வழி, படிகள், கழிப்பறை, தீயணைப்புச் சாதனம் எல்லாம் தெரிய வேண்டும். புதிதாகச் சேர்க்கும் இடம் பெரிதென்றால், வேரியேஷனால் கட்டடத்தைக் கணிசமாக மாற்றக்கூடாது என்ற விதி குறுக்கே வரும். அப்போது புது லைசென்ஸ்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது அறிவித்தல். வெளிர் நீலத் தாள், குறைந்தது ஏ4 அளவு, எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல். விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாள், தெருவில் நின்று படிக்கிற மாதிரி ஒட்டியிருக்க வேண்டும். 10 வேலை நாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு தடவை விளம்பரம். பலருடைய விண்ணப்பம் தடுக்குவது இங்கேதான்: வெள்ளைத் தாளில் அடிப்பார்கள், அல்லது ஷட்டர் இறக்கினால் மறைகிற இடத்தில் ஒட்டுவார்கள். பிறகு 28 நாளையும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். தேதி தெரிய அவ்வப்போது படம் எடுத்து வையுங்கள்.

மேல்மாடியில் குடியிருப்பவர்கள் சத்தத்துக்குப் பயந்து ஆட்சேபிப்பார்கள். அது நியாயமான பயம். இருந்து குடிப்பவர்களுக்கு மட்டும், இத்தனை பேர், இத்தனை மணிக்குக் கடைசி கிளாஸ் என்று நீங்களே நிபந்தனை எழுதிக் கொடுங்கள். ஆனால் உங்களால் செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். எழுதியது லைசென்ஸில் ஏறிவிடும். சிசிடிவி பதிவு 31 நாள் இருக்கும் என்று எழுதிவிட்டு, ரெகார்டர் 14 நாளில் அழித்துக்கொண்டிருந்தால் அது நிபந்தனை மீறல்.

பிளானிங் அனுமதி, அதாவது கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி, தனிக் கதை. 2020 செப்டம்பருக்குப் பிறகு கடை ‘கிளாஸ் ஈ’ (Class E) என்ற வகுப்பில் சேரும். வைன் பார் எந்த வகுப்பிலும் சேராத தனி இனம். நாலு மேசை துணை வியாபாரமாக நிற்குமா, கடையின் தன்மையையே மாற்றுமா என்று பிளானிங் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். லீஸையும் வாசியுங்கள், உள்ளே குடிக்கக்கூடாது என்று அதில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம்.

பரிமாறத் தொடங்கினால் அளவும் சட்டம்தான். கிளாஸ் வைன் 125 மி.லி., 175 மி.லி., அல்லது அவற்றின் மடங்கு. 125 கட்டாயம் இருக்க வேண்டும், மெனுவிலும் தெரிய வேண்டும். 750 மி.லி. போத்தலில் 125 என்றால் ஆறு கிளாஸ் கச்சிதம். 175 என்றால் நாலு கிளாஸோடு 50 மி.லி. மிஞ்சும். அதை அடுத்த போத்தலோடு கண்மதிப்பில் கலந்து ஊற்றாதீர்கள்; 75 மி.லி.க்குக் குறைந்த அளவை டேஸ்டராக விற்கலாம். அளவு முத்திரையும் அளவுக் கோடும் உள்ள கிளாஸையே வாங்குங்கள். கேட்பவருக்குக் குடிதண்ணீர் இலவசம். 18 வயது விதியில் ஒரே விலக்கு: 16, 17 வயதுப் பிள்ளை பெரியவரோடு மேசையில் இருந்து சாப்பிடும்போது, பெரியவர் வாங்கிக் கொடுத்தால் வைன் குடிக்கலாம். கடலைத் தட்டு சாப்பாடாகாது.

இத்தனை செலவுக்கு முன் வியாபாரம் ஓடுமா என்று பார்க்க வழி இருக்கிறது. 21 பவுண்ட் கட்டி, சில நாளுக்கு மட்டும் உள்ளே பரிமாறப்போவதாகக் கவுன்சிலுக்கு டெம்பரரி ஈவன்ட் நோட்டீஸ் கொடுங்கள். வேலையாட்களையும் சேர்த்து 499 பேர் வரை, ஒரு தடவைக்கு 168 மணி நேரம், ஒரு கடைக்கு வருஷத்தில் 15 தடவை, மொத்தம் 21 நாள். 10 முழு வேலை நாள் முன்பே கொடுக்க வேண்டும். கொடுக்கிற நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் சேராது. வெள்ளி மாலைக்கு வேண்டுமென்றால் அதற்கு முந்திய மூன்றாவது வியாழனாவது (15 நாள் முன்பு) கொடுத்திருக்க வேண்டும், நடுவில் பேங்க் ஹாலிடே வந்தால் இன்னும் ஒரு நாள் முன்னால்.