காயம் ஆறியது வேறு, வைரஸ் போனது வேறு

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காய்ச்சலும் நாய்க்கடியும். மாரி மழை விட்டு வளவெங்கும் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் மாதங்களில் திருகோணமலையில் இது வழமை. பலமுறை சொன்னதை மறுபடியும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்: எழுதும்போது நாள் கணக்கை எழுதுங்கள். காய்ச்சல் எத்தனையாம் நாள், கடிபட்டு எத்தனை நாள், கன்றுக்கு எத்தனை மாதம். வைரஸ் நோயில் பாதி விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது. நான் கால்நடை வைத்தியர். மனிதரைப் பற்றிய கேள்விகளுக்கு நோய் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்வேன். மருந்து எழுதித் தரமாட்டேன்.

கிண்ணியா வாசகி: மகனுக்கு ஒன்பது வயது. மூன்று நாள் கடுங்காய்ச்சல். நாலாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் அனுப்பலாமா?

அனுப்பவேண்டாம். இரத்தம் சோதித்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

காய்ச்சல் விட்டதும் நோயும் விட்டது என்று எண்ணுவதுதான் டெங்குவில் உயிரை வாங்குகிறது. முதல் மூன்று நாட்கள் வைரஸ் பெருகும் காலம், உடம்பு கொதிக்கும். அதன் பிறகு வைரஸ் குறைந்துகொண்டு வரும். ஆனால் அதை எதிர்க்க உடம்பு கிளப்பிய இரசாயனங்கள் மயிர்க்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சறைக்குள்ளும் கசியத் தொடங்கும். உடம்பு குளிரும் அதே வேளையில் இது நடக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். வயிற்று நோ, விடாத சத்தி, கைகால் சில்லிடுதல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை, காரணமில்லாத அமைதியின்மை: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

முன்பு ஒருமுறை டெங்கு வந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம். வைரஸில் நான்கு வகை. முதல் வகைக்கு உருவான பிறபொருளெதிரி இரண்டாம் வகையைக் கொல்லப் போதாது. ஒட்டிக்கொள்ள மட்டும் செய்து, அது வெண்குழியங்களுக்குள் நுழைய வழிவிட்டுவிடும். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு நாடு முழுவதும் சுமார் 186,000 பேருக்கு டெங்கு.

பரசிட்டமோல் தவிர வேறு வலிநிவாரணி வேண்டாம். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனாக் எதுவும் வேண்டாம். சிவப்பு, மண்ணிறப் பானமும் கொடுக்காதீர்கள். பிள்ளை சத்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று வைத்தியரால் பிரித்தறிய முடியாது.

உப்புவெளி வாசகர்: பப்பாசி இலைச் சாறு டெங்குவைக் குணமாக்குமா?

கசியும் இரத்தக் குழாயை எந்த இலைச் சாறும் அடைக்காது. சாறு குடித்தோம் என்ற தைரியத்தில் வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கும் அந்த ஒரு நாள்தான் எனக்குப் பயம்.

தம்பலகாமம் வாசகர்: பட்டியில் ஆறு மாட்டுக்குக் கால்வாய் நோய். இப்போது பேரப்பிள்ளைக்குக் கையிலும் வாயிலும் கொப்புளம். மாட்டிலிருந்து தொற்றியதா? மூன்று கிழமைக் கன்றொன்று பால் குடித்துக்கொண்டிருந்தபடியே விழுந்து செத்தது. அதற்கு வாயில் புண்ணே இல்லை. அது எதனால்?

பிள்ளைக்கு வந்தது பெரும்பாலும் கை, கால், வாய் நோய். பெயர் ஒத்திருக்கிறதே தவிர வைரஸ் வேறு. இரண்டும் ஒரே குடும்பத்தவை, அவ்வளவுதான். பிள்ளைக்கு அது இன்னொரு பிள்ளையிடமிருந்து வந்திருக்கும். வைத்தியரிடம் காட்டுங்கள், மாட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

கன்றைப் பற்றி நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இந்த வைரஸ் வளர்ந்த மாட்டில் தோலும் சவ்வும் அதிகம் உராயும் இடங்களில் கொப்புளமாக வெடிக்கும்: நாக்கு, குளம்பிடுக்கு, முலைக்காம்பு. இளங்கன்றில் அது இருதயத் தசைக்குள் போய்விடும். கொப்புளம் எழுவதற்கு முன்பே இருதயம் நின்றுவிடும். அறுத்துப் பார்த்தால் தசையில் வெளிறிய கோடுகள் புலியின் வரிபோலத் தெரியும். தாய்க்கு நோய் என்றால் அதன் பாலிலும் வைரஸ் இருக்கும். மற்றக் கன்றுகளையும் அந்தப் பாலையும் பிரித்து வையுங்கள்.

வாய்ப்புண் ஆறிய மாடுகளையும் சந்தைக்கு ஓட்டாதீர்கள். தொண்டைக்குள் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். நோய்பட்ட பட்டியை மான்கள் மேயும் இடத்துக்கும் விடவேண்டாம். புள்ளிமானுக்கும் இது வரும். நகரத்துக்குள் நம் கண்முன்னே திரியும் மான்களுக்குத் தடுப்பூசி போடுவார் யாருமில்லை. மாட்டுக்குப் போட்ட தடுப்பூசியின் பலன் ஆறு மாதம் அளவில் தேய்ந்துவிடும். ஏழு வகை வைரஸ் உண்டு, ஒன்றுக்குப் போட்டது மற்றதைத் தடுக்காது. கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு இன்றே அறிவியுங்கள்.

பெயர் எழுதாத வாசகர்: ஆட்டுக்கு வருத்தம். என்ன மருந்து கொடுக்கலாம்?

என்ன வருத்தம்? வயதென்ன? எத்தனை ஆடு? எத்தனை நாள்? இவ்வளவும் தெரியாமல் நான் ஒரு மருந்துப் பெயரை எழுதினால் அது வைத்தியம் ஆகாது.

மூதூர் வாசகர்: தெருநாய் கெண்டைக்காலில் கடித்து 11 நாள். அன்றே ஏற்பூசி போட்டாயிற்று. கோப்பித்தூள் வைத்துக் கட்டினோம், காயம் நன்றாக ஆறிவிட்டது. நாய் எங்கே போனதென்று தெரியவில்லை. இனியும் ஊசி தேவையா?

தேவை. இதை வாசித்து முடிக்கும்வரைகூட இருக்கவேண்டாம், வைத்தியசாலைக்குப் போங்கள். நீங்கள் சொல்லும் 11 நாளோடு கடிதம் வந்துசேர எடுத்த நாளையும் இது அச்சாகும் நாளையும் கூட்டிப் பாருங்கள். நாய்க்கடிக்குக் கடிதத்தில் ஆலோசனை கேட்கும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்று பத்துமுறையாவது எழுதியிருப்பேன்.

ஏற்பூசி ஏற்பு வலிக்கு. அது ஒரு பக்டீரியா தரும் நோய். விசர்நோய் வைரஸுக்கும் அந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ‘ஊசி போட்டாயிற்று’ என்று சொல்லி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! எந்த ஊசி என்று கேட்டால்தான் தெரியவரும்.

காயம் ஆறியது ஒன்றையும் காட்டாது. விசர் வைரஸுக்கு உங்கள் தோலில் வேலை இல்லை. கடித்த இடத்துத் தசையில் சில காலம் தங்கி, நரம்பு நுனி ஒன்றைப் பிடித்து, நரம்பின் உட்புறமாக மேலே ஏறும். இரத்தத்தில் ஏறாதபடியால் உடம்பு அதை அறியாது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. ஒரு நாளைக்குச் சில சென்ரிமீற்றர்தான் நகரும். அதனால்தான் காலில் பட்ட கடிக்கு அவகாசம் கூட, முகத்தில் பட்டதற்குக் குறைவு. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். மூளையை அடைந்தபின் அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கும். விழுங்கும் தசைகள் இழுத்துப் பிடிப்பதால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை அடைக்கும். அந்தக் குறி தோன்றியபின் மருந்து கிடையாது. அதற்கு முன்னுள்ள காலம் முழுவதும் தடுப்பூசிக்கு உரியது. உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் இருக்கிறது.

கோப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும் போதும், கால் மணித்தியாலம். இந்த வைரஸின் வெளியுறை கொழுப்பு. கைகழுவும் சாதாரணச் சவர்க்காரம் அதை உடைத்துவிடும். கழுவிவிட்டுத்தான் ஓட்டோ பிடிக்கவேண்டும். நம் வீட்டு நாய், குட்டிநாய், லேசான கீறல் என்பதெல்லாம் வைத்தியர் முடிவு செய்யவேண்டியவை. நாய் கண்ணில் பட்டால் அடித்துக் கொல்லாதீர்கள், இரண்டு கிழமை கட்டிவைத்துப் பாருங்கள். தானாகச் செத்தால் புதைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். தலையை ஐசில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம்.

மாடு வளர்ப்பவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். 25 ஆண்டுக்கு முன்பு வயலோரப் பட்டி ஒன்றிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ‘பசுவுக்குத் தொண்டையில் பனங்கொட்டை சிக்கிவிட்டது, எடுத்துவிடுங்கள் ஐயா’ என்றார் வீட்டுக்காரர். பசு கழுத்தை நீட்டி நின்றது. வாயிலிருந்து வீணீர் கயிறுபோலத் தொங்கித் தரையைத் தொட்டது. கத்த முயன்றது, குரல் உடைந்து காற்றாக வந்தது. பின்னங்கால் இரண்டும் பின்னின. அவர் தன் கையை முழங்கைவரை விட்டுத் தேடியிருந்தார்; அந்தக் கையில் பனைமட்டைக் கருக்குக் கிழித்த புதுக்கீறல் இருந்தது. பக்கத்து வீட்டார் இருவரும் ஆளுக்கொருமுறை கைவிட்டுப் பார்த்திருந்தார்கள். நான் கையுறை போட்டுத்தான் வாயைத் திறந்தேன். கொட்டை இல்லை, விழுங்கும் தசை செயலிழந்திருந்தது. அன்றே மூவரையும் வைத்தியசாலைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் பசு செத்தது. தலையைச் சோதித்ததில் விசர்நோய் உறுதியானது. இவ்வளவுக்கும் பிறகு நாலாம் நாள்தான், வீட்டுப் பெண்பிள்ளை பழைய சேலைத் துணியால் அந்த வாயைத் துடைத்துவிட்டாள் என்று தற்செயலாகத் தெரியவந்தது. அவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவளும் ஊசி போட்டுக்கொண்டாள். நால்வரும் தப்பினார்கள்.

வீணீர் வடிக்கும் மாட்டின் வாய்க்குள் கை விடாதீர்கள். நாய் கடித்ததை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். கீரி கடித்தும் வரும். 1973இல் இந்த நாட்டில் விசர்நோயால் 370 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று ஆண்டுக்கு 20, 30 என்று இறங்கியிருக்கிறது. நாய்த் தடுப்பூசியாலும் நேரத்துக்குப் போட்ட ஊசியாலும் வந்த இறக்கம் அது. மிச்சமுள்ள அந்த 20 பேரில் ஒருவராக நீங்கள் இருக்கத் தேவையில்லை.

அதே ஊர், இன்னொருவர்: விசர் பிடித்த பசுவின் பாலில் தேநீர் குடித்துவிட்டோம்.

கொதிக்கவைத்த பால் என்றால் பயமில்லை. பச்சையாகக் குடித்தவர், கறந்தவர், வாயைத் தொட்டவர் எல்லாரும் வைத்தியரிடம் பெயர் கொடுக்கவேண்டும்.

சாம்பல்தீவு வாசகி: போன மாதம் நாய்க்குட்டி இரத்தக் கழிச்சலில் செத்தது. டெற்றோல் ஊற்றிக் கழுவிவிட்டுப் புதுக்குட்டி வாங்கினோம். அதுவும் அப்படியே செத்தது.

பார்வோ வைரஸ். விசர் வைரஸுக்கு நேரெதிர்: இதற்குக் கொழுப்புறை இல்லை, சவர்க்காரமும் டெற்றோலும் இதை ஒன்றும் செய்யாது. நிழலான மண்ணில் மாதக்கணக்கில், ஆண்டளவும்கூடக் கிடக்கும். வேகமாகப் பிரியும் கலங்களைத்தான் தேடும். குட்டியின் குடலும் எலும்பு மச்சையும் அப்படிப்பட்டவை. குடலின் உள்வரி உரிந்து இரத்தம் போகும், வெண்குழியம் விழும், உள்ளேயிருக்கும் பக்டீரியா இரத்தத்தில் ஏறும். சீமெந்துத் தரையை வெளிற்றும் குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் நனைய விட்டுக் கழுவுங்கள். மண் தரைக்கு வழியில்லை. ஓராண்டுக்குக் குட்டி வேண்டாம். வாங்கினால் நாலு மாதம்வரை தொடர் தடுப்பூசி முடித்ததை வாங்குங்கள்.

நிலாவெளி வாசகர்: 40 கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்து நானே வாங்கி விட்டேன். இரண்டு கிழமையில் 30 செத்துவிட்டது. மருந்து போலியா?

மருந்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? ‘பைக்கில் மாட்டிய பையில், மத்தியானம்’ என்று கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். வெயிலில் செத்துப்போன மருந்தைக் கண்ணில் விட்டால் தண்ணீர் விட்டதற்குச் சமம். ஐஸ் போத்தல், கலக்கிய ஒரு மணித்தியாலத்துக்குள் விட்டு முடித்தல், நோய் வருமுன் போடுதல்: மூன்றில் எது தவறினாலும் பலனில்லை. மிஞ்சிய பத்தில் கழுத்துத் திருகி நிற்பவை இருந்தால் வைரஸ் நரம்பில் ஏறிவிட்டது. செத்தவற்றை ஆழப் புதையுங்கள், கடலில் எறியாதீர்கள். அவற்றைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கவேண்டாம்; மனிதருக்கும் கண் சிவக்கும்.

நகர வாசகி: அம்மாவுக்கு 70 வயது. விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிவும் கொப்புளமும். கொப்புளிப்பான் சிறுவயதிலேயே வந்துவிட்டது என்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

அக்கி. சிறுவயதில் வந்த கொப்புளிப்பான் போகவில்லை. தோலில் காய்ந்ததும் வைரஸ் முள்ளந்தண்டருகே நரம்புத் திரட்டில் ஒடுங்கி 60 ஆண்டு கிடந்தது. வயதால் எதிர்ப்புத் தளர, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்பதற்குக் காரணம் அதுதான். கொப்புளம் கண்டு மூன்று நாளுக்குள் வைத்தியரிடம் போனால் மருந்து நன்றாக வேலை செய்யும். பிந்தினால் தோல் ஆறியபிறகும் நரம்பு நோ மாதக்கணக்கில் நிற்கும். எத்தனையாம் நாள் என்று நீங்களும் எழுதவில்லை.

கொப்புள நீர் பட்டால் குழந்தைக்கு அக்கி வராது, கொப்புளிப்பான் வரலாம். காயும்வரை துணியால் மூடி, குழந்தையைத் தூக்காமல் இருக்கட்டும். வேப்பிலை வைப்பது அம்மாவின் மனத்துக்கு ஆறுதல் என்றால் தலைமாட்டில் வையுங்கள், கொப்புளத்தில் தேய்க்காதீர்கள்.

கந்தளாய் வாசகர்: 1987இல் மாடுகளை அள்ளிக்கொண்டுபோன வெக்கை நோய் மறுபடி வருமா?

வராது. உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. வைரஸ் நோய்களில் மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடி அப்படி ஒழிந்தது இது ஒன்றுதான். ஒரே வகை வைரஸ், ஒருமுறை போட்டால் ஆயுள்வரை நிற்கும் தடுப்பூசி, மறைந்து தங்கும் இடமும் இல்லை. மேலே சொன்ன கால்வாய் நோய்க்கு இந்த மூன்றுமே இல்லை. அதனால்தான் அதற்குத் திரும்பத் திரும்ப ஊசி.

குச்சவெளி வாசகர்: வௌவால் கடித்த கொய்யாவை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா?

வேண்டாம். ஆட்டுக்கும் போடாதீர்கள், புதையுங்கள். தரையில் விழுந்த வௌவாலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தூக்கவும் விடாதீர்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம், தண்ணீர், கால் மணித்தியாலம், பிறகு வைத்தியசாலை.