அனுபவஸ்தர் ரிடையர் ஆனபிறகு எக்ஸ்சேஞ்சில் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், பேட்டரி ரூம், கேபிள் ரூட் என்று 37 வருடம் ஓடியவன். கடைசி சில வருடங்களில் என்னோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக ரிடையர் ஆனார்கள், அப்புறம் நானும் ஆனேன். அதனால் இதில் இரண்டு பக்கமும் தெரியும். வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எனக்குத் தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன், மற்றதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், டெல்டா பக்கம்): சார், எங்கள் செக்ஷனில் 34 வருடம் இருந்த டெக்னீஷியன் மூன்று மாதத்தில் ரிடையர் ஆகிறார். ஃபைபர் ரூட் முழுக்க அவருக்குத்தான் அத்துப்படி. அவரிடம் என்னவெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தம்பி, உட்கார்ந்து கேட்டால் வராது. அவரோடு ரூட்டில் நடங்கள். இதை இன்றைக்கு நான் பலமுறை சொல்லப்போகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்களிடம் ஒரு லைன்மேன் இருந்தார். அவர் ரிடையர் ஆகி ஐந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி ஃபைபர் அறுந்தது. ஒளியை அனுப்பி, அறுந்த இடம் எவ்வளவு தூரம் என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். மீட்டரை வைத்துப் பார்த்தால் 11.4 கி.மீ. என்று காட்டியது. ஆனால் அந்த மீட்டர் சொல்வது கண்ணாடி இழையின் நீளம், தரையின் நீளம் அல்ல. டிரம்முக்கு 2 கி.மீ. வீதம் கேபிள் வரும். இரண்டு கேபிளை இணைக்கிற ஒவ்வொரு ஜாயின்டிலும் இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் லூப் சுற்றி வைத்திருப்போம். ஐந்து ஜாயின்ட் தாண்டினாலே 100 மீட்டர் கணக்கு இடிக்கும். மீட்டரில் ஒளிவிலகல் எண்ணைச் சுமார் 1.468 என்று வைக்காமல் ஒரு சதவீதம் பிசகினால் இன்னும் நூறு மீட்டருக்கு மேல் போகும். குடிநீர்க் குழாய் போட வந்த ஜேசிபிதான் அறுத்திருந்தது. அந்த வழி நெடுக மண்ணை மூடிவிட்டுப் போயிருந்தார்கள், எங்கே பார்த்தாலும் புது மண். மூன்று இடத்தில் குழி வெட்டினோம், ஒன்றிலும் இல்லை.

விடிந்ததும் அவரை பைக்கில் கூட்டிவந்தோம். வந்தவர் முதலில் ஒரு புளியமரத்தைத் தேடினார். மரம் இல்லை, ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் வாய்க்கால் மதகு வரை நடந்துபோய், அங்கிருந்து அடியளந்து திரும்பி வந்து, "இங்க வெட்டுங்கப்பா" என்றார். ஐந்தடிக்குக் கீழே கிடைத்தது. ரோடு வேலையின்போது கேபிளை ஓரம் மாற்றி, மிச்சமிருந்த 30 மீட்டரை அவரே மதகுக்குப் பக்கத்தில் சுற்றிப் புதைத்திருக்கிறார். ரூட் படத்தில் அது ஏறவே இல்லை.

அதனால், மூன்று மாதத்தில் எல்லா ரூட்டையும் அவரோடு ஒருமுறை நடந்துவிடுங்கள். ஒவ்வொரு ஜாயின்டிலும் நின்று போட்டோ எடுங்கள், போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் நேராகப் போகாமல் வளைகிற இடத்தில் "ஏன் இங்கே வளைத்தீர்கள்?" என்று கேளுங்கள், கதை அங்கேதான் வரும். அடையாளம் எழுதும்போது மரத்தையோ டீக்கடையையோ எழுதாதீர்கள். மதகு, மைல்கல், கோயில் மதில் என்று எழுதுங்கள்.

கேள்வி: 2026-ல் ரிடையர் ஆகிறேன். எனக்குப் பென்ஷன் எவ்வளவு வரும்?

அது என் துறை இல்லை. உங்கள் கணக்குப் பிரிவிலோ, தொலைத்தொடர்புத் துறையின் கணக்கு அலுவலகமான சி.சி.ஏ.-விலோ கேளுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒப்படைப்பு அறிக்கைக்கு ஒரு மாதிரி கொடுக்க முடியுமா?

மாதிரி எல்லா ஆபீஸிலும் இருக்கிறது. சாவி எத்தனை, மீட்டர் எத்தனை, ஏணி எத்தனை என்று எண்ணிக் கையெழுத்துப் போடுவது அது. மேலே ஜே.இ. தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (வங்கி ஊழியர், சென்னை): ஒரே நாளில் பாதிப் பேர் போனால் என்ன ஆகும்? பி.எஸ்.என்.எல். வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) பற்றி உங்கள் கருத்து?

அந்தக் கணக்கை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். 2019 நவம்பர் 4-இலிருந்து டிசம்பர் 3 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். 50 வயது ஆனவர்கள் கொடுக்கலாம். சுமார் 78,500 பேர் கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை, அத்தனை பேரும் ஒரே மாலையில் வெளியே வந்தார்கள். ஒன்றரை லட்சம் பேர் இருந்த இடத்தில் பாதிக்கு மேல் காலி. டெல்லி, மும்பையின் அரசு டெலிபோன் நிறுவனமான எம்.டி.என்.எல்.-இல் இதே போல 14,000-க்கும் மேல்.

சம்பளச் செலவு தாங்கவில்லை என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. போனவர்களையும் குறை சொல்ல மாட்டேன். முடித்த வருடத்துக்கு 35 நாள் சம்பளம், மீதி வருடத்துக்கு 25 நாள் சம்பளம் என்று கருணைத்தொகை கிடைத்தது, வீட்டில் கல்யாணமும் கடனும் இருந்தன. என் வருத்தம் வேறு. வயதை வைத்துப் பிரித்ததால், போனவர்கள் எல்லோரும் 50 தாண்டியவர்கள். செப்புக் கம்பிக் கேபிளைப் புதைத்த தலைமுறை மொத்தமாகப் போனது. ஒருவர் ரிடையர் ஆனால் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்கலாம். பக்கத்து சீட்டும் அதே நாளில் காலியானால் யாரைக் கேட்பது? விண்ணப்பம் வாங்கி முடித்தபிறகு, அவர்களோடு ரூட்டில் நடப்பதற்கு யாருக்கும் இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசமும் இல்லை.

கேள்வி (மகள், மதுரை): ஐயா, அப்பா ரிடையர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் வருகிறது. "அந்த ஜாயின்ட் எங்கே", "அந்த பாஸ்வேர்ட் என்ன" என்கிறார்கள். அப்பாவுக்கு பிபி இருக்கிறது. எடுக்காதீர்கள் என்றால் கோபப்படுகிறார். என்ன செய்வது?

அம்மா, அந்த போனை நிறுத்தச் சொல்லுங்கள். நான் இதில் கறாரானவன். சம்பளம் நின்ற அன்றே ராத்திரி டியூட்டியும் நின்றுவிட வேண்டும். அவர் எடுத்துக்கொண்டே இருந்தால் அங்கே யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

எதிர்க்கருத்து (ரிடையர்டு போன் மெக்கானிக், நெல்லை): சார், இதை ஏற்க மாட்டேன். எனக்கும் போன் வருகிறது. ஆஸ்பத்திரி லைன் செத்துக் கிடக்கிறது என்று ஒரு பையன் கேட்டால், நான் ரிடையர் ஆகிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கவா முடியும்? 36 வருடம் அந்த லைனை நான் பார்த்திருக்கிறேன். போன் வராத நாளில்தான் எனக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது.

அண்ணே, ஆஸ்பத்திரி லைனுக்கு நானும் எழுந்து போவேன். நான் சொன்னது பாஸ்வேர்ட் கேட்கிற போனை.

(மகள், மதுரை): அந்த ஐயா சொல்வது மாதிரிதான் அப்பாவும் சொல்கிறார். ஆனால் போன் வந்த ராத்திரி அப்பா விடியும்வரை தூங்குவதில்லை. "சரி பண்ணிட்டாங்களா" என்று மூன்று மணிக்குத் திருப்பிக் கூப்பிடுகிறார், யாரும் எடுப்பதில்லை.

இதைப் படித்ததும் என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். அந்தக் கடைசி வரிதான் நெஞ்சைச் சுடுகிறது. ராத்திரி கேட்கத் தெரிகிறது, வேலை முடிந்ததும் "ஆயிடுச்சு அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. அம்மா, அப்பாவிடம் போனை எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் உங்கள் கையில் இருக்கட்டும். கூப்பிடுபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: லைன் செத்திருக்கிறதா, சரியானதும் சொல்வீர்களா. இரண்டுக்கும் ஆமாம் என்றால் அப்பாவிடம் கொடுங்கள். பகலில் ஒருநாள் ஆபீஸ் வண்டி அனுப்பி அவரைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அவரோடு அவர்கள் ரூட்டில் நடக்கட்டும். அந்த நாளுக்கு ஒரு கூலியும் கொடுக்கட்டும். அது கேட்க வேண்டியதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

(நெல்லை): கூலி எல்லாம் வேண்டாம் சார். கூப்பிட்டால் போதும்.

வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. நீங்கள் வேண்டாம் என்றால், அடுத்து வருகிறவருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி (தனியார் நிறுவன மேலாளர், கோவை): எங்களிடம் எல்லாமே ஜி.ஐ.எஸ். என்கிற கம்ப்யூட்டர் வரைபடத்தில் இருக்கிறது. ஒரு ஆளை நம்பியிருக்கும் காலம் போய்விட்டதே?

நல்ல விஷயம், வரைபடம் வேண்டும். ஆனால் அதில் ஏற்றியது யார், எந்த வருடம், நேரில் போய் ஏற்றினாரா, பழைய படத்தைப் பார்த்து ஏற்றினாரா? பத்து ஜாயின்டை எடுத்து நேரில் சரிபாருங்கள்.

இன்னொன்று, வரைபடத்தில் ஏறாத விஷயங்களும் இருக்கின்றன. டவர் நிற்கிற வயலின் சொந்தக்காரர் யாரை நம்பி கேட்டைத் திறக்கிறார்? எங்கள் டவர் ஒன்றில் பழைய டெக்னீஷியன் போனபிறகு, டீசல் வண்டியை ஆறு மாதம் உள்ளே விடவில்லை. வாடகை பாக்கி ஒன்றும் கிடையாது. பழைய டெக்னீஷியன் பொங்கலுக்குப் பொங்கல் போய் அந்த வயல்காரரைப் பார்த்துவிட்டு வருவார், புதிதாக வந்தவர்கள் போகவில்லை. அவ்வளவுதான். போகிறவர் புதியவரை நேரில் கூட்டிப்போய், "இனிமே இவர்தான் வருவார்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

கேள்வி: ஒப்படைப்பு அறிக்கை மாதிரி கிடைக்குமா சார்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (ஆபரேட்டர், திருச்சி): நெட்வொர்க் சிஸ்டத்தில் உள்ளே போக ஓ.டி.பி. இன்னும் ரிடையர் ஆனவர் செல்போனுக்குத்தான் போகிறது. அவர் இப்போது மகன் வீட்டில், வெளிநாட்டில். அவரிடம் கேட்டுக்கேட்டுப் போடுகிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. இன்றைக்கே மாற்றுங்கள். அது அவருக்கும் ஆபத்து. நாளைக்கு ஏதாவது நடந்தால் உள்ளே போனது அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கும். கரண்ட் பில், ஜெனரேட்டர் சர்வீஸ், அலாரம் குறுஞ்செய்தி எல்லாமே யார் நம்பரில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அலாரம் அவர் போனில் அடித்துக்கொண்டிருக்கும், இங்கே பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சுவரில் பென்சிலால் எழுதியிருப்பதை எல்லாம் சுண்ணாம்பு அடிக்குமுன் எடுத்துவைக்க வேண்டுமா?

மிக நல்ல கேள்வி. கட்டாயம். எங்கள் பேட்டரி ரூம் கதவுக்குப் பின்னால் ஒருவர் எழுதி வைத்திருந்தார்: 24 செல்லில் எது எப்போது மாற்றியது, எது சார்ஜ் ஏறும்போது சூடாகும், எந்த போல்ட்டை மழைக்காலம் முடிந்ததும் இறுக்க வேண்டும். அவர் பிரிவுபசாரத்துக்காக ஹாலுக்கு வெள்ளையடித்தவர்கள், மிச்சச் சுண்ணாம்பைக் கொண்டுபோய் அங்கேயும் அடித்துவிட்டார்கள். மாலையும் சால்வையுமாகத் திரும்பி வந்தவர், கையெழுத்துப் போட உள்ளே போனபோது அந்தக் கதவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 17-வது செல் எது என்று எனக்குத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். வெளிக் கேபிள்கள் வந்து சேரும் எம்.டி.எஃப். இரும்புச் சட்டத்தின் பின்பக்கம், ரோட்டோரக் கேபிள் பில்லர் பெட்டியின் உள்கதவு, பழைய டைரிகள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.

கேள்வி: எங்கள் சீனியர் எதையும் சொல்லித்தர மறுக்கிறார். என்ன செய்ய?

அவரைக் கடைசியாக யார், எப்போது மரியாதையாக எதையாவது கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் கேட்காதீர்கள், ரூட்டில் நடக்கும்போது கேளுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். நிறையப் பேருக்கு வாய் வேலையிடத்தில்தான் திறக்கும்.

கேள்வி: எந்த கம்பெனி சிம் நல்லது?

உங்கள் வீட்டுக்குள் எது எடுக்கிறதோ அது.

கேள்வி: ஒப்படைப்பு அறிக்கை...

வேண்டாம். ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

கேள்வி (டெல்டா ஜே.இ., மறுபடி): சார், ஞாயிற்றுக்கிழமை அவரோடு நடந்தேன். 3 கி.மீ.-க்கு நாலு மணி நேரம் ஆனது. இரண்டு ஜாயின்ட் படத்தில் இருக்கிற இடத்தில் இல்லை. ஒன்று இப்போது ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது!

அருமை தம்பி. நாலு மணி நேரம் சரியான கணக்குதான். அந்த வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவைத்துவிடுங்கள், அறுந்த ராத்திரியில் போய்க் கதவைத் தட்டும்படி ஆகிவிடக் கூடாது. மீதி ரூட்டுக்கு வெயிலுக்கு முன்னால் ஆறு மணிக்குக் கிளம்புங்கள். அவருக்கு முழங்கால் வலி இருக்கிறதா என்று கேட்டீர்களா? இருந்தால் ஜாயின்டுக்கு ஜாயின்ட் பைக்கில் கூட்டிப்போய், வளைவுகளில் மட்டும் இறக்கி நடக்க வையுங்கள்.