நெல்லை மாவட்டக் கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகளின் மலேரியா நமக்கும் வீட்டுக் கோழிக்கும் வருமா?

மனிதருக்கு வராது. பறவை மலேரியா வேறு இனம். அதில் பரவலாகக் காணப்படும் பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்ற ஒட்டுண்ணி, சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு வழியே பரவுகிறது. நமக்கு மலேரியா தருவது அனாபிலஸ் கொசு. 1898-ல் கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் கொசுவே மலேரியாவைக் கடத்துகிறது என்று நிறுவியதுகூடப் பறவைகளை வைத்துத்தான்.

கோழிக்குப் பறவை மலேரியா வரும். அதில் ஆபத்தானது பிளாஸ்மோடியம் கேலினேசியம். மனித மலேரியா முதலில் கல்லீரலில் வளரும். இதுவோ தோலிலும், பிறகு மூளை நுண்குழாய்களின் உட்சுவரிலும் வளரும். ரத்தத்தில் கிருமி குறைந்த பிறகும் கோழி திடீரென்று கால் இழுத்துச் சாவது அதனால்தான். கொண்டை வெளுக்கும், எச்சம் பச்சையாகும். வெள்ளைக் கழிச்சல் என்ற ராணிக்கெட் நோயிலும் பச்சை எச்சமும் வாதமும் வருவதால், பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டாதீர்கள்.

இறக்கை ரத்தநாளத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடியில் மெல்லிசாகப் பரப்பி, காயவைத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் 1000 மடங்கில் பார்க்க வேண்டும். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. பழக்கமில்லாதவர் அதையே கிருமி என்று எண்ணிவிடுவார். உட்கருவை ஒதுக்கித் தள்ளும் கிருமியில் பழுப்பு நிறமித் துகளும், பிரிந்து பெருகும் வடிவமும் தெரிந்தால் மலேரியா. பிரியும் வடிவமே இல்லாமல் உட்கருவை வளைத்துக் கிடந்தால் ஹீமோபுரோட்டியஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணியாக இருக்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள்.

நம் வெயிலில் கொசு முட்டை 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் மாற்றினால் சுவரில் ஒட்டிய ஏடிஸ் கொசு முட்டை தங்கிவிடும், அந்தக் கொசுவும் கோழி மலேரியாவைக் கடத்தக்கூடியது. பொழுது சாயுமுன் கூட்டுக்குக் கொசுவலை கட்டிவிடுங்கள்.